கொழுப்பில் தங்கும் நிறங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அவையில் காட்டிய படங்களின் விளக்கங்களும் கேள்வி-பதில் பகுதியும் நீக்கப்பட்டுள்ளன.)



உணவைப் பற்றிய அறிவியலைத் தமிழில், எல்லோருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனைக்காகவே அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றேன். நான் எடுத்துக்கொண்ட பொருள், தாவர நிறமிகளும் உடற்பருமனும்.

ஏன் இந்தப் பொருள்? இன்று எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரைகள் கண்ணில் படுகின்றன. மஞ்சளிலிருந்து எடுத்தது, கடற்பாசியிலிருந்து எடுத்தது, பழத்தோலிலிருந்து எடுத்தது என்று பல வகை. மாதச் சம்பளக்காரர்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து இவற்றை வாங்குகிறார்கள். மறுபுறம், இதெல்லாம் வெறும் ஏமாற்று, நிறத்துக்கும் கொழுப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நாம் உண்ணும் நிறமிகள் நம் கொழுப்புத் திசுவைச் சென்றடைகின்றன. அங்குள்ள செல்கள் வளரும் விதத்தில் தலையிடும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. ஆனால் அது உணவாக, சிறிய அளவில், பல ஆண்டுகளாக நடக்கிற வேலை. மாத்திரையில் அடைத்து அதை விலைக்கு வாங்கிவிட முடியாது. இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இதுதான்.

1. கொழுப்புக்கு நிறம் உண்டு

பசு நெய் மஞ்சளாகவும் எருமை நெய் வெளுப்பாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பசுவும் எருமையும் ஒரே கொல்லையில்தான் மேய்கின்றன. புல்லின் பச்சைக்குள் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி மறைந்திருக்கிறது. எருமையின் உடல் அதை ஏறக்குறைய முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. வைட்டமின் ஏ-க்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் கிடையாது என்றே சொல்லலாம். பசுவிடம் ஒரு பகுதி மாறாமல் தப்பி ரத்தத்துக்குப் போகிறது, அங்கிருந்து பாலின் கொழுப்புக்கும் உடம்பின் கொழுப்புக்கும் போய்ச் சேர்கிறது. பச்சைப் புல் கிடைக்காமல் வைக்கோலையே தின்னும் காலத்தில் பசு நெய்யின் மஞ்சள் மங்குவதற்கும் இதுவே காரணம்.

மனிதர்கள் இந்த விஷயத்தில் பசுவின் பக்கம். வயிற்றைத் திறக்கும் அறுவை மருத்துவரைக் கேளுங்கள், தோலுக்கு அடியில் முதலில் தென்படுவது மஞ்சள் நிறக் கொழுப்பு என்பார். அந்த மஞ்சள் நாம் தின்ற கீரை, காரட், பப்பாளி, மாம்பழம், தக்காளி இவற்றிலிருந்து வந்தது. நம் உடம்பு ஒரு துளி கரோட்டினைக்கூடத் தானாகச் செய்துகொள்ளாது. கரோட்டின் குடும்பத்து நிறமிகளைக் கரோட்டினாய்டுகள் என்பார்கள், இயற்கையில் 700-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டிருக்கின்றன. நம் ரத்தத்தில் காணப்படுபவை ஏறத்தாழ 20. கல்லீரலும் கொழுப்புத் திசுவும்தான் அவற்றின் பெரிய இருப்பிடங்கள்.

எலிகள் எருமையின் பக்கம். 1930-இல் தாமஸ் மூர் என்ற ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் எலிகளுக்குக் கரோட்டினைக் கொடுத்து, அவற்றின் கல்லீரலில் வைட்டமின் ஏ சேர்வதைக் காட்டினார். கரோட்டினிலிருந்துதான் வைட்டமின் ஏ பிறக்கிறது என்பது அந்தச் சோதனையால் உறுதிப்பட்டது. எலியின் குடல் அந்த மாற்றத்தை மிக வேகமாகச் செய்கிறது, ஆகவே அதன் கொழுப்பு வெள்ளையாகவே இருக்கிறது. இனி நான் சொல்லப்போகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. மாணவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருமனானவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடனே, நிறமி குறைந்ததால்தான் பருத்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொழுப்பு கூடும்போது அது நிறமியைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் அளவு குறையலாம். பருமனானவர்கள் காய்கறி குறைவாகத் தின்பவர்களாகவும் இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரித்துக் காட்டாத வரை அந்தப் புள்ளிவிவரம் எதையும் நிரூபிக்காது.

2. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை

1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புச் செல்லே ஒரு ஹார்மோனைச் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்று தெரிந்த பிறகு, கொழுப்பை வெறும் எரிபொருள் கிடங்காகப் பார்ப்பது முடிவுக்கு வந்தது.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது 2008-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து கிர்ஸ்டி ஸ்பால்டிங் வெளியிட்ட ஆய்வு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்த வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது பயிர் வழியாக மனித உடலுக்குள் புகுந்து, அந்தந்த ஆண்டில் பிறந்த செல்களின் டிஎன்ஏ-வில் பதிந்துவிட்டது. அதை அளந்து கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை கூடுகிறது, அதன் பிறகு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. வளர்ந்தவர் இளைத்தால் செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பழையன கழிந்து புதியன வருகின்றன. ஆக, புதிய செல்கள் உருவாகும் அந்த இடத்தில்தான் உணவு செல்வாக்கு செலுத்த முடியும். அந்த வாய்ப்பு பள்ளிப் பருவத்தில்தான் மிக அதிகம்.

நம் நாட்டுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் வயிற்றுப் பகுதிப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம் என்று சொல்கிறது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய நமக்கு உரிமை இல்லை.

3. கரோட்டின் செய்யும் வேலை

கொழுப்புச் செல் உருவாவதைக் கண்ணால் பார்க்கலாம். ஹோவர்ட் கிரீன் என்ற உயிரியலாளர் 1970-களில் எலியின் செல்லிலிருந்து உருவாக்கிய 3டி3-எல்1 என்ற வரிசைச் செல்களைத்தான் உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். தட்டில் ஒட்டி நீண்டு மெலிந்து கிடக்கும் செல்களுக்கு இன்சுலினும் வேறு சில பொருள்களும் கொடுத்தால், எட்டுப் பத்து நாளில் அவை உருண்டு திரளும். உள்ளே சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் கோத்தது போல் தோன்றும், பிறகு ஒன்றோடொன்று கலந்து பெரிதாகும். ஆயில் ரெட் என்ற சாயத்தை ஊற்றிக் கழுவினால் துளிகள் மட்டும் செக்கச்செவேல் என்று நிற்கும். சோதிக்க விரும்பும் நிறமியைத் தொடக்கத்திலேயே சேர்த்த தட்டில் அந்தச் சிவப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

கரோட்டின் இந்தச் செல்களுக்குள் என்ன செய்கிறது? பிசிஓ1 என்றொரு நொதி, ஒரு பீட்டா கரோட்டின் மூலக்கூறை நடுவில் வெட்டி இரண்டு ரெட்டினால்டிஹைடுகளாக்குகிறது. அதிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் உருவாகிறது. இவை செல்லின் கருவுக்குள் இருக்கும் ஏற்பிகள் வழியாக, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் தலையிடுகின்றன. கொழுப்புச் செல் முதிர்வதற்குத் தலைமை தாங்கும் ஏற்பி ஒன்று உண்டு, பிபிஏஆர்-காமா என்று பெயர். 2007-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ரெட்டினால்டிஹைடு அந்த ஏற்பியை அடக்குவதையும், கொழுப்பு மிகுந்த உணவு தின்ற எலிகள் பருப்பதைத் தடுப்பதையும் காட்டினார்கள். 2011-இல் வந்த ஆய்வு இன்னும் கச்சிதமானது. சாதாரண எலிகளுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது உடற்கொழுப்பு குறைந்தது. பிசிஓ1 நொதியே இல்லாதபடி வளர்த்த எலிகளுக்கு அதையே கொடுத்தபோது நிறமி உடம்பில் குவிந்ததே தவிர, கொழுப்பு குறையவில்லை. அதாவது நிறமி வந்து சேர்வது மட்டும் போதாது, அதை வெட்டும் நொதி வேண்டும். அந்த நொதியின் திறன் மனிதருக்கு மனிதர் பரம்பரையாகவே மாறுபடுகிறது. ஒரே கீரையை ஒரே பந்தியில் உண்ட இருவருக்கு ஒரே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

நம் மண்ணோடு தொடர்புள்ள ஓர் ஆய்வும் இங்கே சேர்கிறது. 1918-இல் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம், 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே இயற்கையாகவே பருத்துவிடும் ஓர் எலி வகை வளர்க்கப்படுகிறது. அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ மிகுதியாகக் கலந்த தீவனத்தைக் கொடுத்ததில் அவற்றின் கொழுப்பு குறைந்தது என்று 2006-இல் எழுதினார்கள். அருமையான வேலை. ஆனால் தீவனத்தில் கலந்த அளவு, வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு. அந்த விகிதத்தில் மனிதருக்குக் கொடுத்தால் கல்லீரல் கெடும், கருவுற்ற பெண்ணின் குழந்தைக்கு ஊனம் நேரலாம். வழி என்ன என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது, அவ்வளவுதான். நாம் அதை அப்படியே பின்பற்ற முடியாது.

4. பழுப்புப் பாசியின் நிறமி

ஜப்பானில் மிசோ ரசத்தில் போட்டுக் குடிக்கும் வாக்கமே என்ற பழுப்புப் பாசியில் ஃப்யூகோசாந்தின் என்ற நிறமி இருக்கிறது. 2005-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் இதைத் தின்ற எலிகளின் வெள்ளைக் கொழுப்பில் யுசிபி1 என்ற புரதம் தோன்றுவதைக் கண்டார்கள். வழக்கமாக அந்தப் புரதம் பழுப்புக் கொழுப்பில் மட்டும் இருப்பது. எரிபொருளின் ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறில் சேர்த்துவைக்காமல் நேரே வெப்பமாக விடுவது அதன் வேலை. வளர்ந்த மனிதர்களிடமும் பழுப்புக் கொழுப்பு செயல்படுகிறது என்று 2009-இல் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் நிறுவியதால் இந்த ஆய்வுக்கு மதிப்பு கூடியது.

மன்னார் வளைகுடாவிலும் சர்காசம், டர்பினேரியா என்ற பழுப்புப் பாசிகள் விளைகின்றன. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் தண்ணீருக்குள் மூழ்கி, கைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பறித்து வருவது இவற்றையும்தான். ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகும் சரக்கு அது. நம் சமையலில் அதற்கு இடமில்லை. மனிதர்களிடம் ஃப்யூகோசாந்தின் எடையைக் குறைக்கிறது என்று நம்பத்தக்க பெரிய ஆய்வு எதுவும் கையில் இல்லாத நிலையில், அதன் பெயரால் மாத்திரை விற்பது நியாயமில்லை.

5. ஊதா நிறத்தின் புதிர்

நாவல், கத்தரித் தோல், கருப்புத் திராட்சை, கருப்புக் கவுனி எல்லாவற்றுக்கும் அந்த நிறத்தைக் கொடுப்பது ஆந்தோசயனின் குடும்பம். கரோட்டின் எண்ணெயில் கரையும், இது நீரில் கரையும். கவுனி அரிசியை ஊறவைத்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் கருஞ்சிவப்பாகிறதே, அது முழுக்க ஆந்தோசயனின். அரிசியின் தவிட்டில் இருப்பது. தவிட்டை நீக்கித் தீட்டினால் நிறமும் போய்விடும். ஊறிய நீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவிடுங்கள் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

2003-இல் ஜப்பானின் சூடா குழுவினர் ஊதா மக்காச்சோளத்திலிருந்து எடுத்த நிறமியை, கொழுப்பு மிகுந்த தீவனத்தோடு எலிகளுக்கு 12 வாரம் கொடுத்தார்கள். எலிகள் பருக்கவில்லை. அந்த நிறமியும் கருப்பு அரிசியின் முதன்மை நிறமியும் ஒன்றே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ தீவனத்தில் 2 கிராம் நிறமி சேர்த்திருந்தார்கள். நாள்தோறும் அரைக் கிலோ உலர்ந்த உணவு உண்ணும் மனிதர் அந்த விகிதத்தை எட்ட 1 கிராம் ஆந்தோசயனின் வேண்டும். சாதாரணச் சாப்பாட்டில் அது நடக்காது.

அடுத்து வருபவை இரண்டு முரண்பட்ட ஆய்வுகள். 2008-இல் அமெரிக்காவில் புளூபெர்ரிப் பழத்தை முழுதாக உலர்த்திப் பொடித்துக் கொடுத்த எலிகள் இளைக்கவில்லை, பழத்திலிருந்து பிரித்த ஆந்தோசயனினை மட்டும் நீரில் கலந்து குடித்தவை கொழுப்பைக் குறைவாகச் சேர்த்தன. 2010-இல் இத்தாலியில் நடந்தது நேர் எதிர். எட்னா எரிமலையைச் சுற்றி விளையும் மோரோ என்ற சிவப்புச் சதை ஆரஞ்சின் சாற்றைக் குடித்த எலிகள், கொழுப்புத் தீவனத்திலும் பருக்கவில்லை. நிறமில்லாத நாவலீனா ஆரஞ்சுச் சாற்றுக்கு அந்தப் பலன் இல்லை. சரி, மோரோவின் ஆந்தோசயனினைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்கும் அந்தப் பலன் இல்லை. நிறமி மட்டும் போதாது, அந்தப் பழத்தில் அதோடு சேர்ந்திருக்கும் மற்றவையும் வேண்டும் என்பதே அவர்கள் வந்த முடிவு.

முரணை நீக்க ஒரு வழி, நிறமி உடம்புக்குள் என்ன ஆகிறது என்று பின்தொடர்வது. 2013-இல் பிரிட்டனில் எட்டு ஆண்களுக்குக் கார்பன்-13 அடையாளமிட்ட ஆந்தோசயனின் 500 மில்லிகிராம் கொடுத்து, மூச்சிலும் சிறுநீரிலும் தேடினார்கள். சுமார் 12 சதவீதம் திரும்பக் கிடைத்தது. ரத்தத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி ஊதா நிறமே இல்லாத சிறு மூலக்கூறுகள். குடலும் கல்லீரலும் குடல் நுண்ணுயிர்களும் சேர்ந்து உடைத்தவை. கொழுப்புச் செல்லை அடைவது நாம் தட்டில் பார்த்த நிறமி அல்ல, அதன் சிதைவுகள். ஆகவே செல் தட்டில் சுத்தமான ஆந்தோசயனினை ஊற்றிக் கிடைத்த முடிவுகளை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை.

சரி, மனிதர்களிடம் எவ்வளவு? அமெரிக்காவில் 1,24,086 ஆண்களையும் பெண்களையும் 24 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நாள்தோறும் 10 மில்லிகிராம் ஆந்தோசயனின் கூடுதலாக உண்டவர்களிடம், நான்கு ஆண்டுக் காலத்தில் எடை கூடுவது சுமார் 100 கிராம் குறைந்திருந்தது. நூறு கிராம்! மாத்திரை விற்பவர் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார். ஆனால் எனக்கு இது சிறிய எண்ணாகப் படவில்லை. நடுவயதில் ஆண்டுக்கு அரைக் கிலோ வீதம் ஓசையில்லாமல் ஏறும் எடைதான் ஐம்பதில் வயிறாக வந்து நிற்கிறது. அந்த ஏற்றத்தில் கைவைக்கும் எதையும் உணவியல் அலட்சியம் செய்யக் கூடாது.

6. மஞ்சள்

சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் பொடியில் அதன் நிறமியான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். எலிகளிலும் செல் தட்டிலும் அது கொழுப்புச் செல்களைத் தடுத்ததாக 2009-இல் ஆய்வு வந்தது. மனித உடம்போ அதைக் குடலிலேயே வெளியேற்றிவிடுகிறது. மிளகின் பைபரின் சேர்த்தால் ரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு உயர்கிறது என்று 1998-இல் பெங்களூரில் கண்டார்கள். ஆனால் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் ஒன்று இருபது மடங்கானாலும் சொற்பமே. சோதனைக் குழாயில் குர்குமின் பல புரதங்களோடும் ஒட்டிக்கொண்டு பொய்யான பலன்களைக் காட்டும் இயல்புடையது என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் கடுமையாக எழுதினார்கள். குழம்பில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். எடையைக் குறைப்பதற்காகக் குர்குமின் மாத்திரை வாங்கவும் வேண்டாம்.

7. மாத்திரையில் நேர்ந்தது

நிறமியைப் பிரித்துக் கொடுத்தால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை நினைவூட்டுகிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்தது. 1994-இல் முடிவு வெளியானபோது யாராலும் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துச் சோதித்தார்கள். புற்றுநோய் 28 சதவீதம் கூடியது கண்டு 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். காய்கறி, பழம் அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்ற உண்மையிலிருந்துதான் இரண்டு ஆய்வுகளும் புறப்பட்டன. உணவில் நன்மை செய்வதாகக் கருதப்பட்ட அதே மூலக்கூறு, உணவைவிட்டுப் பிரிந்து பெரும் அளவில் வந்தபோது உயிரை வாங்கியது. உடற்பருமனுக்காக நிறமி மாத்திரை தேடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உணவில் செய்யக்கூடியது எளிது. 2004-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வந்த ஆய்வில், எண்ணெய் அறவே இல்லாத கலவையோடு பச்சைக் காய்களை உண்டவர்களின் ரத்தத்தில் கரோட்டின் ஏறவே இல்லை, எண்ணெய் சேர்ந்தபோது ஏறியது. முருங்கைக் கீரையை வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் வதக்கித் தேங்காய் தூவும் நம் வீட்டுப் பொரியலில் கரோட்டினுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. இளைக்க வேண்டும் என்று எண்ணெயை முற்றிலும் விட்டு வெறும் கீரைச் சாற்றைக் குடிப்பவர்கள் நிறமியைக் குடலோடு வெளியே அனுப்புகிறார்கள். அதேபோல், சர்க்கரையும் நெய்யும் சேர்த்த செட்டிநாட்டுக் கவுனி அரிசியை எடை குறைக்கும் பண்டம் என்று விளம்பரம் செய்வதும் தவறு. அது விருந்துப் பண்டம், அப்படியே இருக்கட்டும். கவுனியைச் சோறாகவோ கஞ்சியாகவோ உண்பது வேறு.

இந்த அவையிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது ஆய்வு மாணவர்களுக்கு. எலிக்கு நிறமி கொடுத்து இன்னொரு கட்டுரை எழுதுவதை விட்டு, மனிதர்களிடம் வாருங்கள். முருங்கைக் கீரையும் கவுனியும் நாவலும் நம் வீட்டு அளவில், நம் வீட்டுப் பக்குவத்தில், ஒரு வருடம் உண்ட குடும்பங்களின் இடுப்பளவையும் ரத்தக் கரோட்டினையும் அளந்து பாருங்கள். உலகில் வேறு யாரும் அதை நமக்காகச் செய்யப்போவதில்லை.

இரண்டாவது, அரசுப் பொறுப்பில் இருந்து இங்கே வந்திருப்பவர்களுக்கு. கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பள்ளி வயதில் முடிவாகிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒருவேளைச் சோறு போடும் திட்டம் 1982-இலிருந்து நம் கையில் விரிவாக இருக்கிறது. வைட்டமின் ஏ-க்காக மட்டுமே கீரை வேண்டும் என்பது பழைய வாதம், அதுவே போதுமானது. கொழுப்புத் திசு பற்றிய ஆய்வுகள் அதற்கு இன்னொரு காரணத்தைச் சேர்த்திருக்கின்றன. சத்துணவில் கீரையின் அளவைக் கூட்டுங்கள், அதை எண்ணெயில் வதக்கிப் போடுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது தீட்டாத நிற அரிசியைக் கொடுத்துப் பாருங்கள்.